வணிகச் சேவைகளைக் கண்டெடுத்துத் தேவைகளை எழுதுவது எப்படி? நகைக்கடனை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மென்பொருள் அமைப்பை எந்தெந்தச் சேவைகளாகப் பிரிப்பது என்று தீர்மானிக்க உட்காரும் குழு வழக்கமாக மூன்று இடங்களில் விடை தேடும்: பழைய மென்பொருளின் திரைகள், தரவுத்தளத்தின் அட்டவணைகள், நிறுவனத்தின் துறைப் பட்டியல். மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. மூன்றும் தப்பான எல்லைகளைக் காட்டுகின்றன. ஒரு பக்கத்துக்குள் எதையெல்லாம் அடக்க முடிந்தது என்பதைத்தான் திரை சொல்லும். அட்டவணை சேமிக்கும் வசதிக்காக வகுக்கப்பட்டது. துறைகளோ அதிகாரி மாறினால் சேர்ந்துகொள்ளும், பிரிந்துபோகும்.

எல்லை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு முடிவை யார் எடுக்கிறார், அதற்கு யார் பதில் சொல்வார், எந்த விதி மாறினால் அந்த முடிவு மாறும்? இந்த மூன்றின் பின்னால் போனால் எல்லை பிடிபடும். அப்படிப் போவது எப்படி என்பதைக் கீழே படிப்படியாகப் பார்க்கலாம். உதாரணத்துக்கு நகைக்கடன். தமிழ்நாட்டில் வங்கிக் கிளையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ இந்தக் கவுன்டரைப் பார்க்காதவர்கள் குறைவு. பொருள், பணம், விதி, பாதுகாப்பு நான்கும் ஒரே பரிவர்த்தனையில் பின்னிக் கிடப்பதால் பிரித்துப் பழக இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

## தொடங்குமுன்: எது சேவை, எது தேவை

வணிகச் சேவை என்பது கணினியே இல்லாவிட்டாலும் அந்த நிறுவனம் யாருக்கோ செய்து கொடுக்கும் வேலை. நகையை எடை போட்டு, தரம் பார்த்து, மதிப்புச் சொல்வது ஒரு வணிகச் சேவை. கணினி வருவதற்கு முன்பும் உரைகல்லோடு நடந்தது. “நகை விவரத்தைச் சேமி” என்பது வணிகச் சேவை இல்லை. அது நிரலாளரின் வேலைப் பட்டியலில் உள்ள ஒரு வரி.

தேவை என்பது என்ன நடக்க வேண்டும் என்பதைச் சோதித்துப் பார்க்கும்படி எழுதிய வாக்கியம். தேவைகளை ஐஎஸ்ஓ/ஐஇசி/ஐஇஇஇ 29148 என்ற பன்னாட்டுத் தரநிலை (2011-இல் வந்து 2018-இல் திருத்தப்பட்டது) அடுக்கு அடுக்காகப் பிரிக்கிறது. நகைக்கடனில் அது இப்படி வரும்:

- வணிகத் தேவை: நகையோடு வருபவர் 30 நிமிடத்துக்குள் கடன் தொகையோடு வெளியேற வேண்டும்.
- தொடர்புடையோர் தேவை: ஒரே கடன்தாரருக்கு எல்லாக் கிளைகளிலும் உள்ள நகைக்கடன் நிலுவையைக் கிளை மேலாளர் ஒப்புதல் தருமுன் பார்க்க வேண்டும்.
- அமைப்புத் தேவை: கடன்தாரர் எண் கொடுத்ததும், எல்லாக் கிளைகளின் நிலுவைக் கூட்டுத்தொகையை 3 விநாடிக்குள் அமைப்பு காட்ட வேண்டும்.

மூன்றையும் ஒரே பட்டியலில் கலந்து எழுதினால், “30 நிமிடம்” என்பதை நிரலாளர் தன்னால் நிறைவேற்ற முடியாத தேவையாகப் பார்ப்பார். “3 விநாடி” எதற்கு என்று மேலாளர் கேட்பார். இருவர் கேள்வியும் நியாயம்தான்.

## படி 1: எல்லையை ஒரு பக்கத்தில் வரையுங்கள்

ஒரே ஒரு தாள். நடுவில் “நகைக்கடன்” என்று ஒரு கட்டம். சுற்றிலும் வெளியார்: கடன்தாரர், நகை மதிப்பீட்டாளர், கிளை மேலாளர், காசாளர், தங்க விலை வெளியிடும் அமைப்பு, கோர் பேங்கிங் (எல்லாக் கிளைக் கணக்குகளையும் வைத்திருக்கும் மைய மென்பொருள்), தணிக்கையாளர், ஏலம் எடுப்பவர், ரிசர்வ் வங்கி. ஒவ்வொரு கோட்டின் மேலும் எது போகிறது, எது வருகிறது என்று எழுதுங்கள். கோடு இருந்து அதன்மேல் எழுத எதுவும் இல்லை என்றால் அந்த வெளியாருக்கு இங்கே வேலையில்லை.

மதிப்பீட்டாளரை உள்ளே போடுவதா வெளியே போடுவதா என்பதில் பெரும்பாலும் வாக்குவாதம் வரும். பல கிளைகளில் அவர் வங்கி ஊழியர் இல்லை, கமிஷனுக்கு வேலை செய்பவர். அப்படியானால் வெளியே. அவர் தரும் சான்று நம் எல்லைக்குள் நுழையும் ஆவணம். அதில் தவறிருந்தால் யார் பொறுப்பு என்பதும் அப்போதே எழுத வேண்டிய தேவையாகிவிடும்.

பிறகு இலக்குகள். “வேகமான சேவை” என்று நிறுத்தாமல் இலக்கு, அதற்கடுத்த துணை இலக்கு, அளவுகோல் என்று மூன்று நிலைக்கு இறங்குங்கள். அளவுகோல் கிடைக்காத இலக்கைத் தனியாக எடுத்து வையுங்கள். அதிலிருந்து சேவை எதுவும் பிறக்காது.

## படி 2: படிவங்களில் தொடங்குங்கள், நேர்காணலில் இல்லை

நேர்காணலில் மக்கள் நடக்க வேண்டியதைச் சொல்வார்கள். நடப்பதைச் சொல்வது படிவம். கடன் விண்ணப்பம், மதிப்பீட்டாளர் சான்று, நகைக்கடன் சீட்டு, பொட்டலத்தின் மேல் ஒட்டும் சிட்டை, நகைப் பதிவேடு, ஏல அறிவிப்பு என்று ஆறு தாள்களின் நிரப்பிய நகல்களை வாங்குங்கள். பெயர், எண்களை மறைத்துவிட்டு ஒவ்வொன்றிலும் 10 நகல் போதும். வெற்றுப் படிவம் உதவாது. எந்தக் கட்டம் எப்போதும் காலியாக இருக்கிறது, எந்த ஓரத்தில் பேனாவால் எதையோ எழுதுகிறார்கள் என்பது நிரப்பிய தாளில்தான் தெரியும். ஓரத்தில் எழுதியது பெரும்பாலும் தப்பிப்போன தேவை.

ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று கேள்வி: யார் நிரப்புகிறார்? யார் படிக்கிறார்? காலியாக விட்டால் எது நின்றுபோகும்? மூன்றாவதற்கு “எதுவும் நிற்காது” என்று பதில் வந்தால், அந்தக் கட்டத்தைப் புதிய அமைப்புக்குக் கொண்டுவர யாராவது தனியாக வாதாட வேண்டும்.

அடுத்தது கவுன்டரைப் பார்ப்பது. சாதாரண நாள் ஒன்று, நெரிசலான நாள் ஒன்று. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டிய நாட்கள் நல்ல தேர்வு. நெரிசலில்தான் குறுக்குவழிகள் வெளியே வரும்: ஒருவருடைய கடவுச்சொல்லில் இன்னொருவர் ஒப்புதல் கொடுப்பது, பொட்டலம் கட்டுவதை மாலைக்குத் தள்ளிவைப்பது. இவற்றைக் குற்றமாகக் குறிக்காதீர்கள். நடைமுறை எங்கே இறுகிக் கிடக்கிறது என்பதற்கான அடையாளமாகக் குறியுங்கள்.

நேர்காணல் அதற்குப் பிறகு. ஆளுக்கு 45 நிமிடம். கேள்விகளில் பாதி விதிவிலக்கைப் பற்றி இருக்கட்டும்: கடன்தாரர் இறந்துவிட்டால்? சீட்டு தொலைந்தால்? மூன்று சங்கிலி வைத்தவர் ஒன்றை மட்டும் திருப்ப வந்தால்? எடை அன்றைக்கும் இன்றைக்கும் 50 மில்லிகிராம் வித்தியாசப்பட்டால்?

## படி 3: சொற்பட்டியல்

சிறிய வேலையாகத் தெரியும். இதைத் தவிர்த்த திட்டங்கள்தான் பின்னால் அதிகம் தவிக்கின்றன. கவுன்டரில் புழங்கும் சொற்களில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கும் இடங்களைப் பிடியுங்கள்.

“எடை” என்றால் மொத்த எடையா, கல், அரக்கு, நூல் கழித்த நிகர எடையா? “மதிப்பு” என்றால் மதிப்பீட்டாளர் சொன்னதா, விதிப்படி கணித்ததா, ஏலத்தில் வந்ததா? “திருப்புதல்” என்றால் நகையை மீட்பது. ஆனால் “வட்டி கட்டித் திருப்பி வைத்தேன்” என்று கடன்தாரர் சொல்வது புதுப்பித்தல். வாடிக்கையாளர் பவுனில் பேசுவார், சீட்டு கிராமில் இருக்கும். ஒரு பவுன் 8 கிராம் என்பதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் திரையில் பவுனைக் காட்ட வேண்டுமா என்பது யாராவது முடிவு செய்ய வேண்டிய தேவை.

ஒரு சொல்லின் பொருள் எந்த இடத்தில் மாறுகிறதோ அங்கே பெரும்பாலும் ஒரு சேவை எல்லை ஒளிந்திருக்கும். “மதிப்பு” மூன்று பொருளில் வந்தால் அதைத் தருபவர்கள் மூன்று பேர், மூன்று பொறுப்பு.

## படி 4: நடந்ததை நடந்ததாக எழுதுங்கள்

2013-இல் ஆல்பெர்ட்டோ பிராண்டோலினி அறிமுகப்படுத்திய ஈவென்ட் ஸ்டார்மிங் முறை இங்கே நன்றாக உதவும். நீளமான சுவர், ஆரஞ்சு நிற ஒட்டுத்தாள், கவுன்டரில் வேலை செய்பவர்கள் 4 முதல் 6 பேர், நிரலாளர்கள் அதிகபட்சம் 3 பேர், இரண்டரை மணி நேரம். ஒவ்வொரு தாளிலும் ஒரு நிகழ்வு, இறந்தகாலத்தில்: “நகை எடை போடப்பட்டது”, “வரம்பு கணிக்கப்பட்டது”, “கடன் ஒப்புதல் பெற்றது”, “பொட்டலம் முத்திரையிடப்பட்டது”, “பணம் வழங்கப்பட்டது”, “தவணை தேதி கடந்தது”, “ஏல அறிவிப்பு அனுப்பப்பட்டது”.

“கடன் செயலாக்கம்” என்று யாராவது ஒட்டினால் எடுத்துவிடுங்கள். அது நிகழ்வு இல்லை, மூட்டை. பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

இடமிருந்து வலமாகக் காலவரிசையில் அடுக்கிய பிறகு, இரண்டு வகை இடங்களில் செங்குத்துக் கோடு போடுங்கள். ஒன்று, வேலை கை மாறும் இடம். இன்னொன்று, பின்வாங்க முடியாத இடம். பணம் கொடுத்த பின் வரம்பைக் குறைக்க முடியாது. முத்திரையிட்ட பின் எடையை மாற்ற முடியாது, மறுபடி பிரித்தால் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். இந்தக் கோடுகளுக்கு இடையில் இருப்பவைதான் முதல் சேவை வேட்பாளர்கள்.

பிபிஎம்என் வரைபடம் (வேலை ஓட்டத்தைக் குறியீடுகளால் காட்டும் படம்) வேண்டுமென்றால் இதற்குப் பிறகு போடுங்கள். முதலிலேயே அதில் இறங்கினால் கூட்டத்தின் பாதி நேரம் வைரக்குறியின் வடிவத்தைப் பற்றிப் போய்விடும்.

## படி 5: மேலிருந்து, கீழிருந்து, நடுவிலிருந்து

2004-இல் ஐபிஎம்மின் அலி அர்சஞ்சனி முன்வைத்த சோமா (சேவை சார்ந்த மாதிரியாக்கம்) முறை சேவைகளை மூன்று திசையில் தேடச் சொல்கிறது. மேலிருந்து வணிகத்தைப் பகுதிகளாகப் பிரித்து வருவது. கீழிருந்து, இருக்கும் மென்பொருளில் என்ன கிடைக்கும் என்று பார்ப்பது. நடுவில், படி 1-இல் எழுதிய இலக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சேவையாவது இருக்கிறதா என்று சரிபார்ப்பது.

மேலிருந்து மட்டும் போனால் படம் அழகாக இருக்கும். ஆனால் கோர் பேங்கிங்கில் ஏற்கெனவே இருக்கும் வட்டிக் கணக்கை மறுபடி எழுதச் சொல்லும். கீழிருந்து மட்டும் போனால் பழைய மென்பொருளுக்குப் புதுச் சட்டை போட்டதுதான் மிச்சம். நடுத்திசைதான் விடுபட்டதைக் காட்டும். “அடமான நகை எப்போதும் கணக்கோடு பொருந்த வேண்டும்” என்ற இலக்குக்குப் பல அமைப்புகளில் சேவையே இருப்பதில்லை. திடீர்ச் சரிபார்ப்புக்கு வரும் தணிக்கையாளர் பதிவேட்டையும் பொட்டலத்தையும் கையால் ஒப்பிடுகிறார்.

## படி 6: அணி (கட்டம் போட்ட அட்டவணை) போடுங்கள்

வேலைகளை இடப்பக்கமும் தகவல்களை மேலேயும் எழுதி, எந்த வேலை எந்தத் தகவலை உருவாக்குகிறது (உ), படிக்கிறது (ப), மாற்றுகிறது (மா) என்று நிரப்பும் முறை பழையது. ஐபிஎம்மின் பிஎஸ்பி என்ற வணிக அமைப்புத் திட்டமிடல் முறையிலேயே இதைப் போன்ற அணி உண்டு. இன்னும் இதற்கு மாற்று வரவில்லை.

| வேலை | கடன்தாரர் | நகை | மதிப்பீடு | விதி, விலை | கடன் கணக்கு | பொட்டலம் |
|---|---|---|---|---|---|---|
| அடையாளம் சரிபார்த்தல் | உ | | | | | |
| எடை, தரம் பார்த்தல் | ப | உ | உ | | | |
| வரம்பு கணித்தல் | ப | | ப | ப | ப | |
| கடன் வழங்கல் | ப | | ப | | உ | |
| பொட்டலம் கட்டிப் பூட்டுதல் | | ப | | | ப | உ |
| வட்டி, தவணை வரவு | | | | | மா | |
| நகை திருப்புதல் | ப | | | | மா | மா |
| ஏலம் | ப | ப | உ | ப | மா | மா |

இப்போது நெடுவரிசை நெடுவரிசையாகப் படியுங்கள்.

“விதி, விலை” வரிசையில் “உ” எங்கேயும் இல்லை. வரம்பு கணித்தலும் ஏலமும் படிக்கின்றன, எதுவும் உருவாக்கவில்லை. அப்படியானால் இன்றைய தங்க விலையை யார், எத்தனை மணிக்கு, எதைப் பார்த்துப் பதிகிறார்? நடைமுறையில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ வரும், கிளையில் ஒருவர் தட்டச்சு செய்வார். வேலைப் பட்டியலில் அது வரவே இல்லை. அணி போட்டதால் ஒரு சேவை வெளியே வந்தது.

“மதிப்பீடு” வரிசையில் இரண்டு “உ”. கடனுக்காக ஒருமுறை, ஏலத்துக்காக ஒருமுறை. மதிப்பிடும் வேலையைக் கடன் வழங்கலுக்குள் புதைத்தால் ஏலத்துக்காக இரண்டாம் முறை எழுத வேண்டிவரும். தனிச் சேவையாக்குங்கள்.

“நகை திருப்புதல்” ஒரே வேலையில் இரண்டு தகவலை மாற்றுகிறது. இது எல்லை தாண்டும் வேலை. கணக்கு முதலில் முடிய வேண்டுமா, பொட்டலம் முதலில் வெளியே வர வேண்டுமா, கணக்கு முடிந்த பின் பொட்டலம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் தேவை எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

## படி 7: வேட்பாளர்களை வடிகட்டுங்கள்

இதுவரை வந்த வேட்பாளர்கள் 25 முதல் 40 வரை இருக்கலாம். ஒவ்வொன்றையும் ஐந்து கேள்வியில் நிறுத்துங்கள்.

1. கவுன்டர் ஊழியருக்குப் புரியும் பெயர் இருக்கிறதா?
2. தவறானால் பதில் சொல்ல ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்கிறாரா?
3. அதை மாற்ற வைக்கும் காரணம் ஒன்றுதானா?
4. குறைந்தது இரண்டு இடங்களில் பயன்படுகிறதா, அல்லது தனியாகத் தணிக்கைக்கு உட்பட்டதா?
5. அது ஒரு மணி நேரம் நின்றால் எது நிற்கும், எது நடக்கும் என்று சொல்ல முடிகிறதா?

மூன்றாவதுதான் உயிர். ஒன்றாக மாறுபவற்றை ஒன்றாகவும், தனித்தனியே மாறுபவற்றைத் தனித்தனியாகவும் வைக்க வேண்டும் என்ற கருத்துக்கு வேர் கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் 1972-இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது: மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் மறைத்துவை என்றார். “வாடிக்கையாளர் சேவை” என்ற பெயரில் வருவதை இந்தக் கேள்வியில் பிடித்துவிடலாம். கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாளத்தை உறுதிசெய்யும்) விதி, முகவரி, வாரிசு, நிலுவை என்று அதை மாற்ற நான்கு காரணம் இருக்கும். எல்லாவற்றையும் விழுங்கும் பூதம் அது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. “கல் எடை கழித்தல்” என்று ஒரு சேவை. அது மதிப்பிடும் சேவைக்குள் ஒரு கணக்கு, அவ்வளவுதான்.

நகைக்கடனுக்கு வடிகட்டிய பின் எட்டு, ஒன்பது மிஞ்சும்: அடையாளச் சரிபார்ப்பு, மதிப்பிடுதல், விதியும் விலையும், வரம்பு கணிப்பு, கடன் கணக்கு, பெட்டகப் பாதுகாப்பு, அறிவிப்பு, ஏலம், இருப்புச் சரிபார்ப்பு. இந்தப் பட்டியல் உங்கள் நிறுவனத்தின் துறைப் பட்டியலோடு அச்சுப் பிசகாமல் பொருந்தினால் சந்தேகப்படுங்கள். ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பு அதன் தகவல் தொடர்பின் சாயலிலேயே வரும் என்று மெல்வின் கான்வே 1968-லேயே எழுதிவிட்டார்.

## படி 8: ஒரு சேவையை நெருக்கமாகப் பாருங்கள்

ஒவ்வொரு சேவைக்கும் ஒரு அட்டை: பெயர், பொறுப்பாளர், உள்ளீடு, வெளியீடு, விதிகள், விதி எவ்வளவு அடிக்கடி மாறும், தவறினால் என்ன. “வரம்பு கணிப்பு” அட்டையை முழுதாகப் பார்க்கலாம்.

விதி மாறும் வேகத்தை முதலில் பாருங்கள். வங்கிகளில் நகையின் மதிப்பில் 75% வரை கடன் என்றிருந்தது. 2020 ஆகஸ்டில் விவசாயம் சாராத நகைக்கடனுக்கு அதை 90% ஆக்கினார்கள். 2021 மார்ச் 31-உடன் அது முடிந்து மறுபடி 75%. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள் நுகர்வுக் கடனுக்கு மூன்று அடுக்கு வைத்தன: ஒரு கடன்தாரரின் மொத்தக் கடன் ரூ.2.5 லட்சம் வரை 85%, அதற்கு மேல் ரூ.5 லட்சம் வரை 80%, அதற்கும் மேல் 75%. நடைமுறைப்படுத்தக் கெடு 2026 ஏப்ரல் 1. ஐந்தாண்டுக்குள் மூன்று மாற்றம். இந்த எண்ணை நிரலுக்குள் எழுதியவர்கள் மூன்று முறை நிரலைத் திறந்திருப்பார்கள்.

மூன்றாவது மாற்றத்தில் எண் மட்டும் மாறவில்லை, வடிவமே மாறியது. “ஒரு கடன்தாரரின் மொத்தக் கடன்” என்ற நான்கு சொல்லைக் கவனியுங்கள். ஏற்கெனவே ரூ.2 லட்சம் நிலுவை வைத்திருப்பவர் இன்று ரூ.1 லட்சம் கேட்டால் அவர் முதல் அடுக்கில் இல்லை, இரண்டாவதில். ஆக, வரம்பு கணிப்புக்கு மதிப்பீடும் விலையும் போதாது. எல்லாக் கிளை நிலுவையும் வேண்டும். சதவீதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி கட்டிய அமைப்பு இங்கே தடுக்கி விழும்.

இனி ஒரு கணக்கு. மொத்த எடை 32.400 கிராம். கல், அரக்கு 2.150 கிராம். நிகர எடை 30.250 கிராம், 22 கேரட். விலை கிராமுக்கு ரூ.9,800 என்று வைத்துக்கொள்வோம். (முந்தைய 30 நாள் இறுதி விலைகளின் சராசரி, முந்தைய நாளின் இறுதி விலை இரண்டில் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும்.) மதிப்பு ரூ.2,96,450. கடன்தாரருக்கு வேறு கடன் இல்லை.

85% என்றால் ரூ.2,51,982.50. இது 2.5 லட்சத்தைத் தாண்டுகிறது. உடனே நிரலாளர் அடுத்த அடுக்குக்குப் போகிறார்: 80% என்றால் ரூ.2,37,160. திரையில் அதைக் காட்டுகிறார். தவறு. ரூ.2,50,000 கடன் கொடுத்தால் அது முதல் அடுக்கிலேயே இருக்கிறது, 85% வரம்புக்கும் உட்பட்டிருக்கிறது. கடன்தாரருக்கு ரூ.12,840 குறைத்துச் சொல்லிவிட்டோம். மதிப்பு சுமார் ரூ.2,94,118-இலிருந்து ரூ.3,12,500 வரை இருக்கும் எல்லா நகைக்கும் சரியான விடை அதே 2.5 லட்சம்தான். ரூ.6,25,000-க்கும் சுமார் ரூ.6,66,667-க்கும் இடையில் இதே கதை 5 லட்சத்தில் மறுபடி வரும்.

இந்தப் பிழை சோதனையில் தப்பிவிடும், ஏனென்றால் சோதிப்பவர் 1 லட்சம், 4 லட்சம், 8 லட்சம் என்று நடுப்பகுதிகளைத்தான் எடுப்பார். அட்டையில் விதியோடு சேர்த்து எல்லையோர எடுத்துக்காட்டுகளையும் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னும் ஒன்று. ஆண்டு முடிவில் அசலும் வட்டியும் ஒரே தவணையாகக் கட்டும் கடனுக்கு, கடனுக்கும் நகை மதிப்புக்குமான விகிதத்தைக் கணிக்க முதிர்வில் கட்ட வேண்டிய மொத்தத் தொகையை எடுக்க வேண்டும். 9% வட்டி, 12 மாதம் என்றால் மேலே சொன்ன ரூ.2,51,982.50-ஐ 1.09-ஆல் வகுக்க, அசல் சுமார் ரூ.2,31,176. ஆனால் 2.5 லட்சம் என்ற அடுக்கையும் முதிர்வுத் தொகையால்தான் அளப்பதா, அசலால் அளப்பதா? அசலால் என்றால் மேற்கண்ட விடை. முதிர்வால் என்றால் ரூ.2,50,000-ஐ 1.09-ஆல் வகுத்து சுமார் ரூ.2,29,357. வித்தியாசம் 1,800 ரூபாய்க்குப் பக்கம். இதை நிரலாளர் ஊகிக்கக் கூடாது. “திறந்த கேள்வி” என்று எண் போட்டு, விதி இணக்கப் பிரிவின் எழுத்துப்பூர்வமான பதிலை வாங்கி, பதில் வந்த தேதியோடு அட்டையில் ஒட்டுங்கள்.

## படி 9: தேவையைத் தமிழில் எழுதும்போது

ரோல்ஸ் ராய்ஸில் அலிஸ்டர் மேவினும் உடன் பணியாற்றியோரும் 2009-இல் வெளியிட்ட, தேவைகளை எழுத உதவும் இயர்ஸ் வாக்கிய வார்ப்புகள் தமிழுக்கு வியக்கத்தக்கபடி பொருந்துகின்றன, ஏனென்றால் நிபந்தனையை முன்னால் வைத்து வினையைக் கடைசியில் வைப்பது நம் மொழியின் இயல்பான நடை.

- எப்போதும்: அமைப்பு ஒவ்வொரு உருப்படியின் எடையையும் கிராமில் மூன்று தசம இடம் வரை பதிய வேண்டும்.
- நிகழ்வு: கடன் கணக்கு முடிந்ததும், பெட்டகச் சேவை பொட்டல எண்ணோடு விடுவிப்பு ஆணையை உருவாக்க வேண்டும்.
- நிலை: அன்றைய விலை பதிவாகாத வரை, அமைப்பு புதிய கடன் எதற்கும் வரம்பு காட்டக் கூடாது.
- தவறு: தராசிலிருந்து எடை வராவிட்டால், ஊழியர் கையால் பதிந்த எடையை இரண்டாமவர் உறுதிசெய்யும் வரை அமைப்பு அதைத் தற்காலிகமாக மட்டும் வைத்திருக்க வேண்டும்.

தமிழுக்கே உரிய பள்ளங்களும் உண்டு. முதலாவது, செயப்பாட்டு வினை. “நகை சரிபார்க்கப்படும்” என்று எழுதினால் ஆள் காணாமல் போய்விடுகிறார். அலுவலகத் தமிழ் இப்படித்தான் பழக்கியிருக்கிறது. தேவை ஆவணத்தில் இதைத் தேடித் தேடி நீக்குங்கள். “-ப்படும்” என்று தேடினாலே முக்கால்வாசி சிக்கிவிடும்.

இரண்டாவது, “வேண்டும்”, “-லாம்”, “-ம்” மூன்றின் எடை. “வேண்டும்” கட்டாயம், “-லாம்” விருப்பம் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். “அனுப்பும்” என்று மட்டும் முடிந்தால் அது வாக்குறுதியா, விவரிப்பா என்று தெரியாது.

மூன்றாவது, பன்மை. “நகையின் எடை” என்றால் ஒரு வளையலா, அந்தக் கடனில் வைத்த எல்லாமா? “ஒவ்வொரு உருப்படியின்” அல்லது “கடனில் உள்ள எல்லா உருப்படிகளின் கூட்டு” என்று எழுதுங்கள். மூன்று சங்கிலியில் ஒன்றைத் திருப்ப வந்தவரின் வழக்கு இங்கேதான் தீரும்.

“உடனே”, “விரைவில்”, “தேவைப்பட்டால்”, “முறையாக”, “உரிய அதிகாரி” ஆகிய ஐந்தும் ஆவணத்தில் எங்கே இருந்தாலும் அங்கே ஒரு எண்ணோ பெயரோ விடுபட்டிருக்கிறது.

## படி 10: எண்கள், முன்னுரிமை, தடம்

செயல் சாராத தேவைகளை (வேகம், இடையறாமை போன்றவை) சேவை வாரியாகக் கேளுங்கள்; அமைப்பு முழுவதற்கும் ஒரே எண் வேண்டாம். இணையம் துண்டித்தாலும் வட்டி வாங்க முடிய வேண்டும், ஆனால் புதுக் கடன் நிற்கலாம். அடுக்கு விதிக்கு எல்லாக் கிளை நிலுவையும் வேண்டும் என்பதால் துண்டிப்பில் கடன் கொடுப்பதே ஆபத்து. ஒரே அமைப்பு, இரண்டு வேறு கிடைப்புத் தேவை. ரூபாயை எங்கே முழுமையாக்குவது, மேலாகவா கீழாகவா என்பதையும் இங்கே எழுதுங்கள்.

முன்னுரிமைக்கு மாஸ்கோ முறை (கட்டாயம், அவசியம், இருந்தால் நல்லது, இப்போது வேண்டாம் என்று நான்காகப் பிரிப்பது) போதும். “கட்டாயம்” பட்டியல் மொத்த உழைப்பில் அறுபது சதவீதத்தைத் தாண்டினால் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று அர்த்தம்.

தடம் என்பது நான்கு எண்ணின் கோவை: இலக்கு, சேவை, தேவை, சோதனை. எக்செல் தாளே போதும். மேலே இலக்கு இல்லாத தேவையும் கீழே சோதனை இல்லாத தேவையும் சிவப்பில் தெரிந்தால் சரி.

## படி 11: மாற்றச் சோதனை

பிரிப்பு சரியா என்று அறிய, ஏற்கெனவே நடந்த அல்லது அறிவிக்கப்பட்ட மாற்றங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை சேவையைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். ஒன்றோ இரண்டோ தொட்டால் எல்லை நன்றாக விழுந்திருக்கிறது. நான்கைத் தாண்டினால் படி 6-க்குத் திரும்புங்கள்.

அடுக்கு விதி: “விதியும் விலையும்”, “வரம்பு கணிப்பு” இரண்டு மட்டும். நன்று.

கடனை முழுதாக அடைத்த பின் அதிகபட்சம் 7 வேலை நாளுக்குள் நகையைத் தராமல், தாமதம் கடன் கொடுத்தவர் பக்கம் என்றால் நாளுக்கு ரூ.5,000 இழப்பீடு என்பது 2025 நெறிமுறையின் இன்னொரு பிரிவு. கடன் கணக்குச் சேவைக்கு அடைத்த தேதி தெரியும். பெட்டகச் சேவைக்கு பொட்டலம் வெளியே போன தேதி தெரியும். தாமதம் யார் பக்கம் என்பது யாருக்கும் தெரியாது: கடன்தாரர் ஊரில் இல்லையா, பொட்டலம் வேறு கிளையில் மாட்டிக்கொண்டதா? விடுவிப்பு ஆணையில் “கடன்தாரருக்குத் தகவல் போன தேதி”, “வந்து கேட்ட தேதி”, “தாமதக் காரணம்” என்று மூன்று கட்டம் சேர்த்தால் மூன்று சேவையில் அடங்கிவிடும்.

கடைசியாகத் தமிழ்நாட்டின் கூட்டுறவு நிறுவனங்களில் 2021-இல் அறிவித்த நகைக்கடன் தள்ளுபடி. வரம்பு 5 பவுன், அதாவது 40 கிராம், ஒரு குடும்பத்துக்கு. நாம் வரைந்த அணியில் கடன்தாரர் உண்டு, குடும்பம் இல்லை. ஒரே வீட்டில் கணவன் ஒரு சங்கத்திலும் மனைவி இன்னொன்றிலும் வைத்த நகையைக் கூட்ட, குடும்ப அட்டை எண்ணையும் ஆதாரையும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். இதற்காகக் கடன் கணக்குக்குள் “குடும்பம்” என்ற கட்டத்தைத் திணிக்காதீர்கள். குடும்பத்தின் வரையறை மாறுவது கடன் விதியால் இல்லை, குடிமைப்பொருள் வழங்கலின் விதியால். அடையாளச் சரிபார்ப்புச் சேவையின் வெளியீட்டில் “ஒரே குடும்ப அட்டையில் உள்ள மற்ற கடன்தாரர் எண்கள்” என்ற ஒரு கேள்விக்கு இடம் விடுங்கள். அந்தத் தேவைக்கு முன்னுரிமை “இப்போது வேண்டாம்” என்றே இருக்கட்டும். எண் மட்டும் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.